கவணிலிருந்து விடுபட்ட கல்லின் கோண உந்தம் எங்கே போகிறது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். பொங்கல் விடுமுறைக்குப் பாலக்கோட்டுப் பக்கம் உங்கள் அப்பாவின் ஊருக்குப் போயிருக்கிறீர்கள். சோளக் கொல்லையில் கிளி விரட்ட அவர் கவண் சுற்றியதை, பதினோராம் வகுப்பு படிக்கும் உங்கள் மகன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். தலைக்கு மேலே வட்டமாகச் சுற்றிய கல், கயிற்றின் ஒரு முனையை விட்டதும் நேராகப் பறந்து போனது. "வெளியிலிருந்து திருப்பு விசை இல்லையென்றால் கோண உந்தம் மாறாது என்று புத்தகத்தில் இருக்கிறது. சுற்றிக்கொண்டிருந்த கல் இப்போது சுற்றவில்லை. அப்படியானால் அந்தக் கோண உந்தம் எங்கே?" என்று அவன் கேட்டிருக்கிறான். டியூஷனில் "அது நேர்க்கோட்டு உந்தமாக மாறிவிட்டது" என்று பதில் சொன்னார்களாம். அது சரியா என்பது உங்கள் கேள்வி.

சரியில்லை. எதுவும் எதுவாகவும் மாறவில்லை. விடுவதற்கு முந்தைய நொடியில் அந்தக் கல்லுக்கு எவ்வளவு கோண உந்தம் இருந்ததோ, விட்ட பிறகும் அவ்வளவே இருக்கிறது. உங்கள் மகனை உறுத்துவது வேறொரு கேள்வி என்று நினைக்கிறேன்: வட்டம் போடாத பொருளுக்குக் கோண உந்தம் இருக்க முடியுமா? முடியும். இந்த ஒன்று மனதில் உட்கார்ந்துவிட்டால் மற்றதெல்லாம் கணக்குதான்.

ஓசூரில் ஒரு பட்டறையில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, பிறகு பென்னாகரம் பக்கம் மேல்நிலைப் பள்ளியில் இருபத்தாறு வருடம் இயற்பியல் நடத்தினேன். இந்தக் கேள்வி ஏறக்குறைய எல்லா வருடமும் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளையிடமிருந்து வரும். கேட்கிற பிள்ளை பாடத்தைக் கவனித்துக் கேட்டிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் மகனிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

கோண உந்தம் என்ற பெயரே வட்டத்தை நினைவுபடுத்துகிறது, அங்கேதான் சறுக்கல் தொடங்குகிறது. அதன் வரையறையில் வட்டம் என்ற சொல்லே கிடையாது. ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுக்கிறோம். பொருள் போகும் பாதைக்கு அந்தப் புள்ளியிலிருந்து ஒரு செங்குத்துக் கோடு போடுகிறோம். அந்தச் செங்குத்துத் தூரத்தைப் பொருளின் உந்தத்தால் (நிறை பெருக்கல் வேகம்) பெருக்கினால் அந்தப் புள்ளியைப் பொறுத்த கோண உந்தம் கிடைத்துவிடும். வட்டப் பாதையில் போகும் கல்லுக்கு அந்தத் தூரம் வட்டத்தின் ஆரம். விட்ட பிறகு கல் தொடுகோட்டில் போகிறது. மையத்திலிருந்து தொடுகோட்டுக்குச் செங்குத்துத் தூரம் எவ்வளவு? அதே ஆரம். கல் எவ்வளவு தூரம் போனாலும் அது பறக்கும் கோடு மாறவில்லை, ஆகவே அந்தச் செங்குத்துத் தூரமும் மாறவில்லை. வேகமும் மாறவில்லை. பெருக்குத் தொகை மட்டும் எப்படி மாறும்?

எண் போட்டுப் பார்த்தால் இன்னும் பிடிபடும். கல் 100 கிராம், கயிறு 1 மீட்டர், வேகம் நொடிக்கு 25 மீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். நொடிக்கு நான்கு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. பழகிய கைக்கு இது பெரிய வேகமில்லை. கோண உந்தம் 0.1 பெருக்கல் 25 பெருக்கல் 1, அதாவது 2.5. இப்போது கயிறு விடுபட்டு ஒரு நொடி ஆகிறது, காற்றையும் புவியீர்ப்பையும் சற்று மறந்துவிடுவோம். கல் தொடுகோட்டில் 25 மீட்டர் போயிருக்கும். நடுவில் நிற்கும் தாத்தாவிடமிருந்து கல்லின் தூரம் 25 மீட்டரும் இரண்டு சென்டிமீட்டரும். அதன் வேகத்தில் பெரும்பகுதி இப்போது அவரை விட்டு நேராக விலகிப் போவதிலேயே இருக்கிறது. அந்தப் பகுதி கோண உந்தத்துக்கு எதையும் தராது. அவர் பார்வைக்குக் குறுக்கே நகரும் பகுதி நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர்தான். அதையும் தூரத்தையும் நிறையையும் பெருக்கிப் பாருங்கள்: 0.1 பெருக்கல் 25 பெருக்கல் 1, மறுபடி 2.5. தூரம் 25 மடங்கு கூடியது, குறுக்கு வேகம் 25 மடங்கு குறைந்தது.

வகுப்பில் நான் இதற்கு ஒரு பையனை நடுவில் நிற்க வைப்பேன். இன்னொருவன் அவனைச் சுற்றி வட்டமாக ஓடிவிட்டு, நான் கை தட்டியதும் வளையாமல் நேரே ஓட வேண்டும். நடுவில் நிற்பவன் ஓடுகிறவனை விரலால் சுட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை தட்டிய பிறகும் சுட்டும் விரல் திரும்பிக்கொண்டேதான் இருக்கும். முதலில் சட்டென்று, பிறகு மெல்ல மெல்ல. ஆனால் ஒருபோதும் கால் வட்டத்துக்கு மேல் திரும்பாது. விரல் திரும்புகிறது என்றால் அவனைப் பொறுத்து ஓடுகிறவனுக்குக் கோண உந்தம் இருக்கிறது. கவண் கல்லின் கணக்கில் அந்த விரல் திரும்பும் கோணத் திசைவேகம் நொடிக்கு 25 ரேடியனிலிருந்து (ஒரு ரேடியன் ஏறத்தாழ 57 பாகை) ஒரே நொடியில் 0.04 ரேடியனுக்கு இறங்கிவிடுகிறது. கண்ணுக்குச் சுற்றல் நின்றுவிட்ட மாதிரித் தெரிவது இதனால்தான். மையத்திலிருந்து தூரத்தின் இருமடி ஏறிய அளவுக்குக் கோணத் திசைவேகம் இறங்கியிருக்கிறது, பெருக்கல் சமமாகவே நிற்கிறது.

இது புதிய விஷயம் இல்லை. சூரியனிலிருந்து கோளுக்கு இழுத்த கோடு சம நேரத்தில் சம பரப்பைத் தடவிச் செல்லும் என்று கெப்ளர் 1609-ல் எழுதினார். எந்த விசையும் இல்லாமல் நேர்க்கோட்டில் போகும் பொருளுக்கும் அதே விதி பொருந்தும் என்பதை நியூட்டன் 1687-ல் ஒரு முக்கோணப் படத்தால் காட்டினார். அடிப்பக்கங்கள் சமம், உயரம் சமம், ஆகவே பரப்பும் சமம். உங்கள் மகன் ஒன்பதாம் வகுப்பு வடிவியலை வைத்தே ஒரு தாளில் இதை வரைந்து பார்க்கலாம்.

டியூஷன் ஆசிரியர் சொன்னதில் உள்ள பிழையையும் சொல்லிவிடுகிறேன், அவர்மேல் குறை சொல்வதற்காக இல்லை. கோண உந்தமும் நேர்க்கோட்டு உந்தமும் வெவ்வேறு அலகு கொண்டவை. ஒன்றில் நீளம் கூடுதலாக ஒருமுறை பெருக்கப்பட்டிருக்கிறது. ஒரு பை அரிசியை எடுத்துக் கொடுத்து அரை மணி நேரம் வாங்க முடியாது, அது போலத்தான் இதுவும். மேலும் அந்தக் கல்லுக்கு நேர்க்கோட்டு உந்தம் வட்டத்தில் போகும்போதே இருந்தது, அதே 2.5 அளவில். அப்போது கயிறு அதன் திசையை ஒவ்வொரு கணமும் வளைத்துக்கொண்டிருந்தது, இப்போது வளைக்கவில்லை. இரண்டு உந்தங்களும் முன்பும் இருந்தன, பின்பும் இருக்கின்றன. (இந்தக் கணக்கில் இரண்டுக்கும் 2.5 என்று ஒரே எண் வருவது கயிறு ஒரு மீட்டர் என்பதால் மட்டும். முக்கால் மீட்டர் கயிறு போட்டால் எண்கள் பிரிந்துவிடும்.)

இந்த இடத்தில் நான் பட்டறையில் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் சேர்ந்த இரண்டாம் மாதம், கிரைண்டரில் ஓடிக்கொண்டிருந்த வெட்டுத் தகடு ஒன்று சரிபாதியாகப் பிளந்தது. யாரோ மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். ஒரு பாதி மேலே ஓட்டுக்கூரையில் போய்ச் செருகிக்கொண்டது. மறுபாதி தரையில் மோதிச் சுவர் ஓரம் போய் விழுந்தது, விழுந்த பிறகும் தன்னைத்தானே கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டே கிடந்தது. யாருக்கும் காயமில்லை, தெய்வாதீனம். அந்தப் பாதித் தகடு தரையில் சுற்றிய காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது. உங்கள் மகன் கேள்விக்கு மறுபாதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

180 மில்லிமீட்டர் தகடு நிமிடத்துக்கு 8,500 சுற்றுச் சுற்றினால் அதன் விளிம்பு வேகம் நொடிக்கு 80 மீட்டர், மணிக்கு 288 கிலோமீட்டர். பிளப்பதற்கு முன் தகட்டின் மொத்த நேர்க்கோட்டு உந்தம் பூஜ்ஜியம், ஏனென்றால் அதன் நிறை மையம் நகரவே இல்லை. பிளந்த பிறகும் பூஜ்ஜியம்தான்: இரண்டு பாதிகளும் எதிரெதிர்த் திசையில் ஒரே வேகத்தில் போகின்றன, ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. கோண உந்தமோ முன்பு இருந்த அளவிலேயே முழுதாக இருக்கிறது. "கோண உந்தம் நேர்க்கோட்டு உந்தமாக மாறியது" என்றால் இந்தப் பூஜ்ஜியத்துக்கு என்ன விளக்கம் சொல்வது? கணக்கைத் தொடர்ந்தால் இன்னொன்றும் தெரியும். நடு ஓட்டையை விட்டுவிட்டுப் பார்த்தால், பாதித் தகட்டின் நிறை மையம் பழைய மையத்திலிருந்து ஆரத்தில் 0.42 பங்கு தள்ளி இருக்கும். ஆகவே ஒவ்வொரு பாதியும் நொடிக்கு ஏறத்தாழ 34 மீட்டரில் பறக்கும். அந்தப் பறத்தலில் இருக்கும் கோண உந்தம் மொத்தத்தில் 36 விழுக்காடு. மீதி 64 விழுக்காடு ஒவ்வொரு பாதியும் தன் நிறை மையத்தைச் சுற்றிச் சுழல்வதில் இருக்கிறது. சுவர் ஓரம் கிறுகிறுத்தது அந்த மீதி.

கவண் கல்லுக்கும் இந்தத் தன்சுழற்சி உண்டு. வட்டத்தில் போகும்போது கல்லின் ஒரே முகம் எப்போதும் தாத்தாவின் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு சுற்று முடிவதற்குள் கல்லும் தன்னைத்தானே ஒருமுறை திரும்பிவிடுகிறது. நிலவு நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவது போல. விடுபட்ட பிறகு அந்தத் திருப்பம் கல்லோடேயே போகும். ஆனால் அளவு மிகச் சிறியது. 100 கிராம் கருங்கல்லை இரண்டு சென்டிமீட்டர் ஆர உருண்டையாக எடுத்தால் அதன் தன்சுழற்சிக் கோண உந்தம் 0.0004 வரும். 2.5-க்கு எதிரே ஆறாயிரத்தில் ஒரு பங்குதான். கல் கயிற்றின் நீளத்தோடு ஒப்பிட மிகச் சின்னது என்பதால் கவணில் இது தெரிவதில்லை, தகட்டின் பாதியோ தகட்டளவுக்கே பெரியது என்பதால் அங்கே கண்ணில் அறைகிறது.

அடுத்து, நீங்கள் கேட்காததாக இருந்தாலும் உங்கள் மகன் அடுத்த மாதம் கேட்கப் போகிற ஒன்று. சுழலும் முக்காலியில் உட்கார்ந்து இரண்டு கையிலும் எடை வைத்து நீட்டிக்கொண்டு சுற்றினால், கையை மடக்கும்போது வேகம் கூடும். இது எல்லாப் பள்ளியிலும் காட்டுவது. சரி, மடக்காமல் எடையை அப்படியே கைவிட்டால்? பத்தில் எட்டுப் பேர் "வேகம் கூடும், நிலைமத் திருப்புத்திறன் குறைந்துவிட்டதே" என்பார்கள். (சுழற்சியை மாற்ற ஒரு பொருள் காட்டும் தயக்கத்தின் அளவு அது. நிறை அச்சிலிருந்து தள்ளிப் போகப் போகக் கூடும்.) ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். தவறு. ஒரு மாணவி முக்காலியில் உட்கார்ந்து இரண்டு செங்கல்லைக் கைவிட்டுக் காட்டியபோதுதான் திருத்திக்கொண்டேன். வேகம் கூடவே இல்லை.

ஏன் என்று கணக்குச் சொல்கிறது. முக்காலியும் ஆளும் சேர்ந்து நிலைமத் திருப்புத்திறன் 2 என்று வைத்துக்கொள்வோம். தலா 2.5 கிலோ செங்கல் இரண்டு, மையத்திலிருந்து 0.8 மீட்டர் தள்ளி. நிறையைத் தூரத்தின் இருமடியால் பெருக்கினால் அவற்றின் பங்கு 3.2. ஆக மொத்தம் 5.2. கோணத் திசைவேகம் நொடிக்கு 3 ரேடியன் என்றால், இரண்டையும் பெருக்கக் கோண உந்தம் 15.6. கையை மடக்கிச் செங்கல்லை 0.2 மீட்டருக்குக் கொண்டுவந்தால் மொத்தம் 2.2 ஆகிவிடும், வேகம் 7-க்குத் தாவும். கைவிட்டாலோ, செங்கற்கள் தங்கள் பங்கான 9.6-ஐத் தங்களோடு எடுத்துக்கொண்டு தொடுகோட்டில் போய்விடுகின்றன. ஆளிடம் மிஞ்சுவது 6. அதை 2-ஆல் வகுத்தால் மறுபடி 3. சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும் மாங்காய் லாரியிலிருந்து ஒரு கூடை விழுந்தால் அந்த விழுதலால் லாரியின் வேகம் கூடிவிடுவதில்லை. கூடை தன் உந்தத்தோடு விழுகிறது. இதுவும் அதேதான். கைவிடுவது என்பது யாரையும் இழுப்பதும் இல்லை, தள்ளுவதும் இல்லை. திருப்பு விசை இல்லாத இடத்தில் ஒருவர் பங்கு இன்னொருவருக்குப் போகாது. மடக்கும்போது மட்டும் கை செங்கல்லை இழுக்கிறது, செங்கல் கையைச் சுற்றும் திசையில் முன்னே தள்ளுகிறது, அதனால் பங்கு கைமாறுகிறது. (செய்து பார்ப்பதானால் செங்கல் வேண்டாம், மணல் நிரப்பிய துணிப்பை போதும். கால் பத்திரம்.)

பம்பரத்தையும் இதில் சேர்க்காமல் விட முடியவில்லை. சாட்டையைச் சுற்றி வீசும்போது அந்தக் கயிறு அவிழ்ந்துகொண்டே பம்பரத்தின் உடம்பைத் தொடுகோட்டில் இழுக்கிறது, அந்த இழுப்புத்தான் திருப்பு விசை. கடைசிச் சுற்று அவிழ்ந்ததும் கொடுக்கல் வாங்கல் முடிந்தது. காற்றில் இருக்கும் அந்தக் கணத்தில் புவியீர்ப்பு பம்பரத்தின் நிறை மையத்தில் செயல்படுகிறது. நிறை மையத்தைப் பொறுத்து அதற்குத் திருப்பு விசை இல்லை. அதனால் அச்சு திசை மாறாமல் இறங்குகிறது, ஆணி கீழே பார்த்தபடி தரையைத் தொடுகிறது. தரையில் ஆணி ஊன்றிக்கொண்ட பிறகு கதை மாறுகிறது. சற்றுச் சாய்ந்தாலும் எடையும் தரையின் தாங்கலும் சேர்ந்து ஒரு திருப்பு விசையாகிவிடும், பம்பரம் தலையை மெல்லச் சுற்ற ஆரம்பிக்கும். நேராக நின்று அசையாமல் சுற்றும்போது பிள்ளைகள் "தூங்குது" என்பார்கள், அருமையான சொல். சாட்டையால் அபீட் எடுத்து உள்ளங்கைக்குக் கொண்டுவந்தாலும் அது சுற்றிக்கொண்டே இருக்கிறதே, தன்சுழற்சி யாரிடம் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இதையே தலைகீழாகச் செய்து விண்கலத்தின் சுழற்சியை நிறுத்துகிறார்கள். ஏவும்போது நிலையாகப் போவதற்காகச் சில கலங்களைச் சுழலவிடுவார்கள். பிறகு அந்தச் சுழற்சி வேண்டாம். கலத்தின் உடம்பைச் சுற்றி மெல்லிய கம்பி சுற்றி, முனையில் சிறு எடை கட்டியிருக்கும். எடையை விடுவித்ததும் அது வெளியே ஓடி, கம்பி அவிழ அவிழக் கலத்தைச் சுழற்சிக்கு எதிராக இழுக்கும். முழுதும் அவிழ்ந்ததும் கம்பியோடு கழன்று போய்விடும், கலத்தின் கோண உந்தத்தை வாரிக்கொண்டு. 2007-ல் வெஸ்டா, சீரீஸ் ஆகிய சிறு கோள்களைப் பார்க்க நாசா அனுப்பிய டான் கலத்தில் இந்த முறை பயன்பட்டது. ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட அந்தக் கலத்தை அடக்கச் சில கிலோ எடையும் 12 மீட்டர் அளவுக் கம்பியும் போதுமாக இருந்தன. எடையைச் சும்மா கழற்றிவிட்டிருந்தால், செங்கல் கணக்குப்படி, கலத்தின் சுழற்சி வேகத்தில் ஒன்றும் குறைந்திருக்காது. கம்பி அவிழும் நேரம் முழுக்க இழுத்ததால்தான் குறைந்தது.

இனி எது உறுதி, எது என் கணக்கின் வசதிக்காகச் செய்தது என்று பிரித்துச் சொல்கிறேன். கயிறு விடுபட்ட கணத்துக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் கல்லின் கோண உந்தம் சமம் என்பதில் ஐயமே இல்லை. அந்தச் சிறு இடைவெளியில் அதை மாற்றும் அளவுக்குத் திருப்பு விசை எதுவும் இல்லை. ஆனால் "சுற்றும் நேரம் முழுவதும் கோண உந்தம் மாறவில்லை" என்று நினைத்துவிடக் கூடாது. கயிறு சரியாக மையத்தை நோக்கி இழுத்தால் திருப்பு விசை பூஜ்ஜியம், அது புத்தகக் கணக்கு. உங்கள் அப்பாவின் மணிக்கட்டைப் பாருங்கள், அது சும்மா நிற்காது. கல்லுக்குச் சற்று முன்னே ஒரு சின்ன வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். அந்த முந்துதலால்தான் கயிறு கல்லை முன்னோக்கியும் கொஞ்சம் இழுக்கிறது, வேகம் ஏறுகிறது. அப்படி ஏற்றிய கோண உந்தத்துக்குச் சமமாக எதிர்த்திசையில் அவர் உடம்பு வழியாகக் கால் வழியாக நிலம் வாங்கிக்கொள்கிறது. கடைசியில் கல் எங்கோ விழுந்து உருண்டு நிற்கும்போது தன் பங்கை நிலத்துக்கே கொடுத்துவிடுகிறது. பூமியையும் சேர்த்து எழுதினால்தான் கணக்குப் புத்தகம் சரியாக மூடும்.

புவியீர்ப்பை நான் மறக்கச் சொன்னேன், அதற்கும் கணக்குக் கொடுக்க வேண்டும். தலைக்கு மேலே கிடைமட்டமாகச் சுற்றி வீசினால் கோண உந்தம் செங்குத்து அச்சை ஒட்டி இருக்கிறது. புவியீர்ப்பு கீழ்நோக்கியே இழுப்பதால் அந்தச் செங்குத்து அச்சைச் சுற்றி எதையும் திருப்பாது. ஆகவே கல் வளைந்து விழுந்தாலும் அந்தப் பகுதி அப்படியே இருக்கும், மற்ற திசைகளில் மட்டும் புதிதாகக் கொஞ்சம் சேரும். பக்கவாட்டில் மேலும் கீழுமாகச் சுற்றி வீசுவதும் உண்டு. அப்படி வீசினால் புவியீர்ப்பு ஒவ்வொரு சுற்றிலும் ஏற்றியும் இறக்கியும் குழப்பும், என் எளிய கணக்கு அதற்குப் பொருந்தாது. காற்றின் தடையோ எப்போதும் குறைத்துக்கொண்டே இருக்கும். கல்லின் தன்சுழற்சி விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை: கவணின் மடி திறக்கும்போது கல் அதன்மேல் உருண்டு வெளியேறுகிறது. அந்த உருளல் வீச்சுக்கு வீச்சு மாறும், சில சமயம் நான் சொன்ன 0.0004-ஐப் பல மடங்கு மிஞ்சலாம், எதிர்த்திசையிலும் போகலாம். முக்காலிக்கு நான் போட்ட 2 என்ற எண்ணும் ஆளுக்கு ஆள் மாறுவதே.

கல் வெளிநோக்கிப் பாயுமா, பக்கவாட்டில் போகுமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பக்கவாட்டில், தொடுகோட்டில்தான். சுற்றும்போது கல் கையை வெளியே இழுப்பது போலத் தோன்றுவதால் வெளியே பாயும் என்று நினைக்கிறோம். நாம் உணர்வது கயிற்றின் இழுவிசை. மேலே சொன்ன எண்களில் அது 62.5 நியூட்டன், ஆறு கிலோவுக்கு மேல் எடையைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம், வெறும் 100 கிராம் கல்லுக்கு. அந்த இழுப்பு கயிறு இருக்கும் வரைதான். கயிறு போனதும் கல்லை வெளியே தள்ள எதுவும் மிஞ்சியிருக்காது, ஏற்கெனவே இருந்த வேகத்தோடு இருந்த திசையிலேயே போகும். அதனால்தான் குறி பார்ப்பவர் கல் குறிக்கு நேராக வரும்வரை காத்திருப்பதில்லை, கால் சுற்று முன்னதாகவே விரலைத் தளர்த்துகிறார். நொடிக்கு 25 ரேடியன் வேகத்தில் நூறில் ஒரு நொடி தப்பினால் திசை 14 பாகை விலகிவிடும், 40 மீட்டர் தூரத்தில் அது 10 மீட்டர் பிசகு. கொல்லையின் மறுமூலையில் கிளி உட்கார்ந்த கதிருக்குப் பக்கத்திலேயே உங்கள் அப்பா கல்லை இறக்குகிறார் என்றால், அவர் கைக்குத் தெரிந்த நேரக்கணக்கு நூறில் ஒரு நொடியைவிட நுட்பமானது. அதை அவனிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

தொடுகோட்டை வீட்டிலேயே பார்க்க ஆபத்தில்லாத வழி ஒன்று: வழவழப்பான தரையில் ஒரு பெரிய வளையலை வைத்து, உள்ளே ஒரு கோலிக்குண்டை விடுங்கள். வளையலைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுழற்றினால் குண்டு உள்விளிம்பை ஒட்டி ஓட ஆரம்பிக்கும். சட்டென்று வளையலை நேர்மேலே தூக்கிவிடுங்கள். தூக்கிய இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டு, குண்டு போன வழியையும் கோடு போட்டால் வட்டமும் தொடுகோடும் தரையிலேயே கிடைத்துவிடும். பிறகு வட்டத்தின் மையத்திலிருந்து அந்தக் கோட்டுக்கு அவனைச் செங்குத்து வரையச் சொல்லி, ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். குண்டு எத்தனை அடி ஓடியிருந்தாலும் அந்த அளவு வளையலின் ஆரத்தை ஒட்டியே வரும். குண்டின் பருமனால் சில மில்லிமீட்டர் குறையும். தூக்கும்போது வளையல் குண்டைத் தட்டிவிட்டால் கோடு விலகிவிடும், ஆகவே நாலைந்து முறை செய்து பார்க்க வேண்டியிருக்கும்.